பன்னீர்த் திராட்சையின் பிரெஞ்சுப் பாட்டி

பிரான்சின் தென்கிழக்கில், வெர்கோர் மலைகளின் அடிவாரத்தில், ட்ரோம் ஆற்றங்கரையில் ‘டீ’ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நாம் காலையில் குடிக்கும் டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீசாவில் இருக்கும் ஊர்ப்பெயரை ஆங்கிலம் போல ‘டை’ என்று படித்துவிட்டு, “கல்யாண வீட்டில் சாவு என்று எழுதிய சீசாவா?” என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்த ஊரின் நுரை ஒயினுக்குப் பெயர் ‘கிளேரெட் த டீ’.

தீபாவளியும் ஆண்டிறுதியும் நெருங்கினால் இளம் வாசகர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிச்சயதார்த்தத்துக்கோ பதவி உயர்வுக்கோ ஷாம்பெயின் வாங்கியே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. நுரைக்கிற ஒயின் எல்லாம் ஷாம்பெயின் ஆகாது. பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் விளைந்து அங்கேயே தயாரானதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குப் போகிறது. பெயர் அவ்வளவாகப் பரவாத வட்டாரங்களிலும் நல்ல சரக்கு இருக்கிறது.

கிளேரெட் த டீயை நம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பொருத்தமானது என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் திராட்சை. அதில் குறைந்தது 75 விழுக்காடு ‘மஸ்கட்’ என்னும் சிறுமணி வெள்ளைத் திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. மீதிதான் கிளேரெட் என்ற திராட்சை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. அதன் உலகப் பெயர் ‘மஸ்கட் ஹாம்பர்க்’. மரபணு ஆய்வின்படி சிறுமணி மஸ்கட் அதற்குப் பாட்டி முறை. பன்னீர்த் திராட்சையை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகத் தமிழ்நாட்டில் சொல்வார்கள். அந்தப் பழத்தைக் கடித்ததும் மூக்கில் ஏறும் ரோஜா மணம் இந்த ஒயினிலும் உண்டு.

நுரை எப்படி வருகிறது? தென்னங்கள் பொங்குவதைப் பார்த்த பெரியவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. ஷாம்பெயினில், புளித்து முடிந்த ஒயினுக்குச் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, சீசாவுக்குள் இரண்டாவது முறை புளிக்க விடுவார்கள். டீ ஊரில் வழி வேறு. சாற்றைக் குளிர்ந்த நிலையில் மெதுவாகப் புளிக்க வைத்து, பாதியிலேயே சீசாவில் அடைத்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் திராட்சையின் சொந்தச் சர்க்கரையே உள்ளே தொடர்ந்து புளிக்கிறது. குறைந்தது 4 மாதம் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து சர்க்கரையும் சேர்ப்பதில்லை, ஈஸ்டும் சேர்ப்பதில்லை. இதை ‘மூதாதையர் முறை’ என்கிறார்கள். 1942-இல் இந்த ஒயினுக்குச் சட்டப்படியான வட்டாரப் பெயர் உரிமை கிடைத்தது.

முழுதும் புளிக்காததால் ஆல்கஹால் 7 முதல் 9 விழுக்காடுதான். ஷாம்பெயினில் சுமார் 12. இனிப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். காரத்துக்கு எதிரே வறண்ட ஒயின் கசக்கும், இனிப்பு ஒயின் காரத்தைத் தணிக்கும். நாசி கண்டார், பசெம்பூர், மட்டன் பெரட்டல் எதனோடும் இது ஒத்துப்போகும். அதிரசம், லட்டு மாதிரி அதைவிட இனிப்பான பண்டத்தோடு வைத்தால் மட்டும் ஒயின் புளிப்பாகத் தெரியும்.

வாங்கும்போது கவனியுங்கள். ‘கிரேமான் த டீ’ என்பது அதே ஊரின் இன்னொரு ஒயின். அது ஷாம்பெயின் முறையில் செய்யும் வறண்ட வகை. பினாங்குக் கடையில் டீ ஊர்ச் சரக்கு இல்லையென்றால் இத்தாலியின் ‘மொஸ்காட்டோ தாஸ்தி’ கேளுங்கள். அதே மஸ்கட் திராட்சைதான், ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடு. கடை வாசலில் வெயில் படும் அடுக்கில் நிற்கும் சீசாவை எடுக்காதீர்கள். வாங்கியதைக் காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். 6 முதல் 8 பாகை வரை குளிரவைத்து, தக்கையை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காமல், சீசாவைச் சுழற்றி மெல்லத் திறக்க வேண்டும். இந்த வருடம் வாங்கியதை இந்த வருடமே குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் மணம் போய்விடும்.

இதையெல்லாம் எழுதும்போது தோட்டப்புறத்துக் கள்ளுக்கடையை நான் மறக்கவில்லை. சம்பள நாளில் கூலி வீடு வந்து சேராத கதை நம்மில் பல குடும்பங்களுக்குத் தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். அந்த வலி இன்றும் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சுப் பெயர் ஒட்டியிருப்பதால் ஆல்கஹால் வேறு பொருளாகிவிடாது.

அதனால் சீசாவைத் தூக்குமுன் யார் வீட்டுக்குப் போகிறோம் என்று யோசியுங்கள். குடியை விட்டு மீண்ட மாமா இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிசாகக் கொண்டுபோவது கொடுமை. முஸ்லிம் நண்பர்கள் வரும் திறந்த இல்ல உபசரிப்பில் சாப்பாட்டு மேசை மேல் வைக்காதீர்கள். சாறு மாதிரி இனிக்கிறது என்று பிள்ளைகளுக்கு ‘ஒரு வாய்’ கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 21 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஒரு கிளாஸில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை இருக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வண்டி ஓட்டுபவருக்கு ஒரு சொட்டும் கூடாது. 2020-இல் சட்டம் திருத்தப்பட்டு, 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த அளவு 50 ஆகிவிட்டது. பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த் போக வேண்டியவருக்கு அன்று எலுமிச்சை சோடாவே போதும்.

ஒரு சீசாவில் ஆறு சின்னக் கிளாஸ் வரும். ஆறு பேருக்கு ஒரு சீசா என்று கணக்கு வைத்தால் கொண்டாட்டமும் நடக்கும், சம்பளமும் கையில் நிற்கும். குடிக்காதவர்களை வற்புறுத்தாதீர்கள். அவர்கள் கிளாஸில் பன்னீர் சர்பத் இருந்தாலும் வாழ்த்து வாழ்த்துதான்.