முழங்காலால் வாசிக்கும் கிட்டாரும் கள்ளக்குறிச்சி உளியும்

பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவரை முதல்முறை பார்க்கிறவருக்கு, அவர் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். நான்கு கால் வைத்த நீளமான மரப்பெட்டி. மேலே பத்துத் தந்திகள். இடக்கையில் வழுவழுவென்று ஓர் இரும்பு உருளை. வலக்கைக் கட்டைவிரலிலும் இரண்டு விரல்களிலும் மீட்டுவதற்கான நகங்கள். இடது பாதம் வரிசையாக இருக்கும் பெடல்களின் மேல், வலது பாதம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிதியின் மேல். இது போதாதென்று இரண்டு முழங்கால்களுக்கும் வேலை உண்டு. பெட்டியின் அடியில் தொங்கும் லீவரை முழங்காலால் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினால் குறிப்பிட்ட தந்தி மட்டும் அரை ஸ்வரம் இறங்கும். இன்னொரு லீவரைத் தள்ளினால் அதே தந்தி அரை ஸ்வரம் ஏறும். மற்ற தந்திகள் இருந்த இடத்திலேயே நிற்கும்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டில் அழுகைபோல வழுக்கிக்கொண்டு வரும் ஒலி இந்தக் கருவியுடையது. கள்ளக்குறிச்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், அதை யார் செய்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கதை ஹவாய்த் தீவில் தொடங்குகிறது. 1880களின் இறுதியில் ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளி மாணவர் கிட்டாரை மடியில் படுக்க வைத்து, தந்திமேல் இரும்புத் துண்டை இழைத்து வாசிக்கும் முறையைப் பரப்பினார். அவருக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்பவர் அப்படி வாசித்தார் என்றும், இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய்க்குக் கொண்டு வரப்பட்டவர் அவர் என்றும் ஒரு தரப்பு சொல்கிறது. எப்படியானாலும் அந்த ஹவாயன் கிட்டார் டாவ் மோ போன்ற கலைஞர்களோடு கல்கத்தாவுக்கு வந்தது. வங்காளத்தில் ரவீந்திர சங்கீதத்துக்குள் புகுந்தது. இந்தித் திரையிசையிலும் இடம் பிடித்தது.

நேரான உருளைக்கு ஒரு குறை உண்டு. ஒரே கோட்டில் எல்லாத் தந்திகளையும் அது தொடுவதால், எந்தச் சுருதியமைப்பில் கட்டியிருக்கிறார்களோ அந்த வகைக் கார்டு (ஸ்வரக் கூட்டு) மட்டுமே கிடைக்கும். மேற்கத்திய இசைக்கு அது பெரிய இடைஞ்சல். அதனால் மூன்று, நான்கு கழுத்துகள் கொண்ட கிட்டார்களைச் செய்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சுருதியில் கட்டி, பாட்டுக்கு நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். காலால் மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றுவது புதுச் சிந்தனை இல்லை. லண்டனில் எரார் என்பவர் 1810லேயே ஹார்ப்புக்கு அப்படிப் பெடல் வைத்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். கிப்சன் கம்பெனி 1940ஐ ஒட்டி அந்தச் சிந்தனையைக் கிட்டாரில் ஏற்றி 'எலெக்ட்ராஹார்ப்' என்று விற்றது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கூடவே போரும் வந்துவிட்டது.

வழி திறந்தது ஒரு பட்டறையில். கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்றொருவர் இருந்தார். வார்ப்பு அச்சு செய்கிற தொழில். மோட்டார் சைக்கிள் பைத்தியம். 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற வாசிப்பாளருக்காக அவர் பெடல் வைத்த ஸ்டீல் கிட்டார் ஒன்றைத் தன் கையால் செய்து கொடுத்தார். பிறகு பட் ஐசக்ஸுக்கும் அவருடைய கருவி ஒன்று போயிற்று. அதுவரை பெடல் என்றால் ஒரு சுருதியிலிருந்து இன்னொரு சுருதிக்கு மாறும் சுவிட்சு மாதிரிதான். ஐசக்ஸ் தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு ஸ்வரம் நிற்க, பக்கத்து ஸ்வரம் காதுக்குத் தெரிய நகர்ந்து ஏறியது. வெப் பியர்ஸ் பாடி 1954இல் வெளிவந்த 'ஸ்லோலி' பாட்டில் அதைக் கேட்ட ஸ்டீல் கிட்டார்க்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. பலர் தங்கள் கருவிக்குத் தாங்களே பெடல் கட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

முழங்கால் லீவர் வந்தது இந்தக் காலத்தில்தான். அதைப் பொருத்திப் பார்த்தவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் ஜேன் பெக். அவரே வாசிப்பவர், அவரே செய்பவர். 1950களின் தொடக்கத்தில், இரண்டு பாதங்களுக்கும் வேலை இருக்கிறது, முழங்கால் மட்டும் சும்மா இருக்கிறதே என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். (காற்றடித்து வாசிக்கும் பழைய ரீடு ஆர்கன்களில் ஒலியைத் திறந்துவிட முழங்கால் நெம்பு ஏற்கெனவே இருந்தது, தேவாலயத்தில் அதைப் பார்த்தவர்கள் நம் ஊரிலும் உண்டு.) வாசிப்பாளர்களான ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் கார் நிறுத்தும் கொட்டகையில் கிட்டார்களுக்குப் பெடல் பொருத்தத் தொடங்கி, அதையே 'ஷோ-பட்' என்ற கம்பெனி ஆக்கினார்கள். எம்மன்ஸ் 1963இல் பிரிந்து போய்த் தன் பெயரிலேயே இன்னொன்றை ஆரம்பித்தார். 1957இல் களத்தில் இறங்கிய ஃபெண்டர் பெரிய கம்பெனி. அதன் கருவிகளோ கேபிள் இழுவையில் ஓடின, தொடக்கத்தில் முழங்கால் லீவர் கிடையாது. இந்தச் சின்னப் பட்டறைகளோடு போட்டி போட்டு அதனால் நிலைக்க முடியவில்லை.

காரணம் எளிது. காலையில் "இந்தத் தந்தி இறங்கும்போது அந்தத் தந்தியும் சேர்ந்து கொஞ்சம் இறங்கிவிடுகிறது" என்று வாசிப்பவர் சொன்னால், மாலைக்குள் அரத்தை எடுத்து ஒரு துண்டைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தும் ஆள் பக்கத்திலேயே இருந்தார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்: குறுக்குத் தண்டு, அதில் ஒரு சிறிய கோணக் கைப்பிடி, அதிலிருந்து வலது ஓரத்துக்கு ஓடும் மெல்லிய கம்பி, அங்கே தந்தியைப் பிடித்திருக்கும் ஓர் உலோக விரல். சைக்கிள் பிரேக்கைச் சரிசெய்யத் தெரிந்தவருக்குப் புரியாத எதுவும் அதில் இல்லை. கடினமானது துல்லியம். முழங்காலை விட்டதும் தந்தி பழைய சுருதிக்கு அப்படியே திரும்பி வர வேண்டும்.

நம்மிடமும் ஓர் உருளை வாத்தியம் இருக்கிறது. கோட்டு வாத்தியம், இப்போது சித்ரவீணை. மெட்டு இல்லாத வீணையின் மேல் உருளையை இழைத்து வாசிப்பது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார். அவரிடம் பயின்ற நாராயண ஐயங்கார் மைசூர் அரண்மனை வித்வான் ஆனார்; மேல் ஸ்தாயித் தந்திகளைச் சேர்த்தார், தொடாமலே அதிரும் துணைத் தந்திகளைச் சேர்த்தார். உருளை கருங்காலியிலோ எருமைக்கொம்பிலோ இருந்தது. பேரன் ரவிகிரண் டெஃப்லானுக்கு மாறினார். இந்தப் பக்கம் யாருக்கும் பெடல் தேவைப்படவில்லை. ஒரே தந்தியில் கமகம் முழுவதையும் கையே பார்த்துக்கொள்கிறது. கார்டு மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட் கிட்டாரையே மோகன வீணையாக மாற்றி 1994இல் கிராமி விருது வாங்கியபோதும் அவர் கூட்டியது தந்திகளைத்தான், லீவர்களை அல்ல. அவரவர் இசைக்கு எது வேண்டுமோ அதை அவரவர் செய்துகொண்டார்கள்.

ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு பட்டறை முளைத்தது. இங்கே மாற்றங்கள் வித்வானோடு நின்றன. கோட்டு வாத்தியம் வாசிக்கிறவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். கருவி செய்பவர்கள் அதைவிடக் குறைவு.

கள்ளக்குறிச்சி இங்கேதான் வருகிறது. இந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளையார், தசாவதாரம், தேர்ச் சிற்பம், நிலைக்கதவு என்று மாமரத்திலும் பூவரசிலும் வாகையிலும் தேக்கிலும் செதுக்குகிறார்கள். கொட்டாப்புளி உளியைத் தட்டும் ஓசையிலேயே அடி ஆழமா, மேலோட்டமா என்று தெரிந்துகொள்கிற காது அவர்களுக்கு உண்டு. மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கம் என்று விரலால் தடவிச் சொல்வார்கள். இதே மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரிசி ஆலைகளும் நிறைய. ஆலை இருக்கும் இடத்தில் லேத் பட்டறை இருக்கும். தேய்ந்த ஷாஃப்டுக்குப் புது புஷ் கடைந்து கொடுக்கும் கை அங்கே இருக்கிறது. பிக்ஸ்பியிடம் இருந்ததும் இவ்விரண்டும்தான்: மரம், கடைசல். அவருக்குக் கூடுதலாக இருந்தது, வாசித்துப் பார்த்துக் குறை சொல்ல ஒரு ஸ்பீடி வெஸ்ட்.

மாவட்டத்தின் மலைப்பக்கம் பார்த்தால் கணக்கு இன்னும் கசக்கிறது. 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த கல்வராயன் மலையில், மரத்தைப் பற்றித் தெரிந்த மலையாளி பழங்குடி மக்களுக்கு மரத்தால் கிடைத்த கூலி வேலைகளில் கொடியது ஆந்திரத்துச் செம்மரம் வெட்டுவது. கல்வராயன், ஜவ்வாது மலைகளிலிருந்து தரகர்கள் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடத்தப்படும் செம்மரம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு மருந்து, சாயம், சீன மரச்சாமான் என்று பதில் வரும். இன்னொன்றும் உண்டு: ஜப்பானிய சாமிசென் வாத்தியத்தின் உயர்ந்த ரகக் கழுத்துக்குச் செம்மரம்தான் வேண்டும். இங்கே ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கோடரி பிடிக்கும் மரம், கடல் கடந்த பட்டறையில் வாத்தியம் ஆகும்போதுதான் விலை பெறுகிறது.

காட்டை வெட்டி வாத்தியம் செய்யுங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா போதும், அது பக்கத்துப் பண்ருட்டியில் தோப்புத் தோப்பாக நிற்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு அங்கிருந்துதான் மரம் போகிறது. கோட்டு வாத்தியத்துக்கான உருளை உள்ளங்கை அகலத்துக்கு மேல் இல்லை.

கேட்க வேண்டியது வேறு. புவிசார் குறியீடு கிடைத்த கைத்தொழிலுக்கு அரசு செய்வதெல்லாம் கண்காட்சி, விற்பனை நிலையம், கடன் என்ற வரிசையிலேயே போகிறது. 'கலைஞர் கைவினைத் திட்டம்' போன்றவை தனித்தனி ஆளுக்குக் கடனும் மானியமும் கொடுக்கின்றன. நல்லது, வேண்டியதுதான். ஆனால் சிற்பி, லேத்துக்காரர், வாசிப்பவர் மூன்று பேரும் ஒரே இடத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து, செய்து, வாசித்து, பிரித்து, மறுபடி செய்வதற்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை. அப்படி ஒதுக்கினால் பயனாளிப் பட்டியலில் காட்ட உடனே எதுவும் இருக்காது என்பது அதிகாரிகளின் கவலை. முதல் ஆறு மாதத்தில் கெட்டுப்போன கருவிகள்தான் மிஞ்சும். எலெக்ட்ராஹார்ப்புக்கும் 'ஸ்லோலி'க்கும் நடுவில் பத்துப் பதினைந்து வருடம் போயிற்று என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சந்தை எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெடல் ஸ்டீல் கிட்டாருக்கும் பெரிய சந்தை கிடையாது. அமெரிக்காவில் இன்றும் அதைச் செய்பவை பெரும்பாலும் சில பேர் வேலை பார்க்கும் பட்டறைகள். அப்படியும் அது நைஜீரியா வரை போயிற்று. கிங் சன்னி அடேயின் ஜூஜூ குழுவில் டெமோலா அடெபோஜு அதை வாசித்தார். இங்கேயோ வெளியூர்ச் சந்தையைத் தேடுவதற்கு முன்னால் உள்ளூரிலேயே வேலை கிடக்கிறது. வீணையின் தந்தி முறுக்கும் பிருடை வழுக்கினால், குதிரை தேய்ந்தால், கூத்துக்காரர் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி கிழிந்தால் எங்கே கொடுப்பது என்று விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கேட்டால் சென்னை, தஞ்சாவூர் என்றுதான் கை நீட்டுவார்கள். விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே பயிலும் மாணவர்களில் இரண்டு பேரை வாரத்துக்கு ஒரு நாள் கள்ளக்குறிச்சிச் சிற்பிகளின் பட்டறைக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு பஸ் கட்டணம்தான். முதல் வேலையாகப் பிருடை செய்யலாம். சரியாக அமைந்ததா என்பது அன்று மாலையே தந்தியை முறுக்கினால் தெரிந்துவிடும்.