வைஃபை பெட்டியை ஒளிக்காதீர்கள்!

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பெரியவளுக்கு லேப்டாப் மூலம் வேலைக்கான இன்டர்வியூ. நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே அவள் அறைப் பக்கம் காதை வைத்திருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அம்மா, மறுபடியும் போச்சும்மா!" என்று அழுதபடி ஓடி வந்தாள். கேள்வி கேட்டவர் வாயைத் திறந்தபடியே சிலையாகிவிட்டாராம்! நல்ல வேளை, அடுத்த வாரம் இன்னொரு முறை பேசுகிறோம் என்று போன் வந்தது.

அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், அவள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த லேப்டாப் அது. "பழசாப் போச்சு, புதுசு வாங்கிடலாம்" என்றார் வீட்டுக்காரர். 30,000 ரூபாய்க்கு எங்கே போவது? எதற்கும் இருக்கட்டும் என்று ராசிபுரத்திலிருந்து கேபிள் தம்பியை வரச் சொன்னேன்.

"ஏனுங்க்கா, பெட்டியை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார். பீரோவைக் காட்டினேன். சிரித்துவிட்டார். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, மினுக் மினுக்கென்று எரியும் அந்தப் பெட்டி கூடத்தின் அழகைக் கெடுக்கிறதென்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் தள்ளியவள் சாட்சாத் நானே! அன்று முதல்தான் தொல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் அப்பா திருச்சி வானொலி கேட்க டிரான்சிஸ்டரை ஜன்னல் ஜன்னலாகத் தூக்கிக்கொண்டு போவார். வைஃபையும் ரேடியோ அலைதான். சுவரைத் தாண்டும்போது இளைத்துப் போகும். இரும்பில் பட்டால் திரும்பிவிடும். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பீரோ, பிரிட்ஜ், கண்ணாடி, தண்ணீர் டிரம் இவற்றின் அருகே பெட்டி வேண்டாம். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த அலமாரியில் வையுங்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் சுலபம். லேப்டாப்பைப் பெட்டியின் அருகே கொண்டு போய்ப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடி, அறையில் மட்டும் இழுத்தால், தடை நடுவில் இருக்கிறது. அருகிலேயே ஓடாவிட்டால் பெட்டியை அணைத்து, அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். சிவப்பு விளக்கு மினுக்கினால் வரும் லைனில் கோளாறு, கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். ஃபைபர் லைன் என்றால் ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதை மடக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டாதீர்கள்.

பல பெட்டிகளில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். தூரத்து அறைக்கு 2.4 தான் கைகொடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4-ஐ ஒட்டியே வேலை செய்வதால், பிள்ளைகள் பாடம் கேட்கும் நேரத்தில் அதைப் போடாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் அலையைப் பிடிக்கும் ஆன்டெனா திரையின் ஓரத்தில்தான் இருக்கிறது. மூடியைப் பாதி சாய்த்து வைக்காமல் நன்றாகத் திறந்து வையுங்கள். பரீட்சை, இன்டர்வியூ என்றால் பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒயர் இழுத்துவிடுவதே உத்தமம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த அலை கெடுதலா என்று சில சகோதரிகள் கேட்பீர்கள். வைஃபை போன்ற வலுக்குறைந்த அலைகளால் உடல்நலக் கேடு வருகிறது என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-ல் அறிவித்திருக்கிறது.

இப்போது பெட்டி எங்கள் கூடத்து அலமாரியில், கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மறு இன்டர்வியூ நாற்பது நிமிஷம், ஒரு தடங்கலும் இல்லை. முடிவு இன்னும் வரவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி, "போன தடவை தப்பு உம்மேல இல்ல கண்ணு, என் மேலதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "போம்மா!" என்று சிரித்தாள்.

உங்கள் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது? இன்றைக்கே ஒரு பார்வை பார்த்துவிடுங்களேன்!