தட்டணு: பெயரும் எண்ணும்

மழைக்காலம் தொடங்கியதும் மும்பைத் தமிழரிடையே ஒரு கேள்வி பரவலாகிவிடுகிறது. தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும், டெங்கு கண்டவர் வீட்டில் உறவினர் முதலில் கேட்பது "கவுண்ட் எவ்வளவு?" என்பதே. எதன் எண்ணிக்கை என்று எவரும் விளக்குவதில்லை. இரத்தத் தட்டணு என்னும் பொருள் பேச்சிலிருந்து மறைந்து, எண் மட்டும் எஞ்சி நிற்கிறது. இச்சொற்சுருக்கம் நோயைப் பற்றிய புரிதலையும் சுருக்கிவிட்டது.

1882இல் இத்தாலிய அறிஞர் ஜூலியோ பிட்சோட்செரோ இவற்றை இரத்தத்தின் தனிக் கூறாக விவரித்து, 'சிறுதட்டு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். தமிழகத்தின் 'தட்டணு', ஈழத்தின் 'குருதிச் சிறுதட்டு' ஆகிய இரண்டிலும் அவ்வடிவமே பதிந்துள்ளது. சிவப்பணு, வெள்ளையணு ஆகியவற்றின் ஒப்புமையால் 'அணு' சேர்ந்தது. ஆயினும் தட்டணு முழுமையான உயிரணு அன்று. எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பேரணுவிலிருந்து உதிரும் துண்டு அது, உட்கரு அற்றது, ஏறத்தாழ 7 முதல் 10 நாள் வரை வாழ்வது. இரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் அது தட்டு வடிவத்தைத் துறந்து, முளைகளை நீட்டி ஒட்டிக்கொள்கிறது. வேதிப்பொருள்களை வெளியிட்டுப் பிற தட்டணுக்களையும் வரவழைத்து அடைப்பை உண்டாக்குகிறது.

நலமுடையோரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 1.5 முதல் 4.5 இலட்சம் தட்டணுக்கள் உள்ளன. டெங்குவில் மஜ்ஜையின் உற்பத்தி தடைப்படுகிறது. இருப்பவையும் விரைந்து அழிகின்றன. மஜ்ஜை மீண்டதும் எண்ணிக்கை பெரும்பாலும் தானாகவே உயர்கிறது. உயிருக்கு வரும் பேரிடர் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து எழுகிறது. நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து, இரத்தம் செறிவடைந்து, அழுத்தம் வீழ்கிறது. காய்ச்சல் தணியும் வேளையிலேயே இது நேர்வதால், வீட்டார் நிம்மதி அடையும் பொழுதே ஆபத்தும் நெருங்குகிறது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, மயக்கம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இரத்தச் செறிவைக் காட்டும் ஹெமட்டோகிரிட் அதே பரிசோதனைத் தாளில்தான் இருக்கிறது. அதைப் பார்ப்போர் சிலரே.

எண்ணை உயர்த்தினால் உயிர் காக்கப்படும் என்னும் நம்பிக்கையும் ஆராயப்பட்டுள்ளது. தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய, கடும் இரத்தப்போக்கு இல்லாத டெங்கு நோயாளிகளிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017இல் 'லான்செட்' இதழில் வெளியானது. முன்தடுப்பாகத் தட்டணு ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுகளே கூடின. கடும் இரத்தப்போக்கு உள்ளவருக்குத் தட்டணு தேவைப்படலாம். அதை முடிவுசெய்வது மருத்துவர் கடன். ஆனால் எண்ணைக் கண்டு அஞ்சிய குடும்பம் கொடையாளரைத் தேடி அலைவதும், மருத்துவரை நெருக்குவதும் வேறு. தானமாகப் பெற்ற தட்டணுவை அறைவெப்பத்தில் இடையறாது அசைத்தபடி ஏறத்தாழ ஐந்து நாள்தான் வைத்திருக்க இயலும். தேவையின்றி ஏற்றப்படும் ஒரு பை, இதே நகரின் டாட்டா நினைவு மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டியதாக இருக்கலாம்.

எண்ணிக்கை காட்டாத மற்றொன்றும் உண்டு. ஆஸ்பிரின் தட்டணுவை அதன் வாழ்நாள் முழுதும் செயலிழக்கச் செய்கிறது. எண் மாறாமலே ஆற்றல் குன்றுகிறது. டெங்கு ஐயம் உள்ளபோது ஆஸ்பிரினையும் இபுப்ரோஃபெனையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இங்கே கல்வியாளருக்கு ஒரு கடமை இருக்கிறது. கலைச்சொல் ஆக்குவதோடு அறிவியல் தமிழின் பணி முடிந்துவிடுவதில்லை. 'தட்டணு' பாடநூலில் இருக்கிறது. தாராவியின் வீடுகளில் 'கவுண்ட்' இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள விளக்கத்தை எழுத வேண்டியவர்கள் மொழியும் அறிவியலும் பயில்வோரே. மருத்துவர் சரிபார்த்த ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, சாய்ன் மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்தின் கையில் இருந்தால் போதும். "கவுண்ட் எவ்வளவு?" என்று கேட்கும் உறவினர், "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்?" என்றும் கேட்கப் பழகுவர். உரிய நேரத்தில் உயிரைக் காக்கக்கூடியது அந்த இரண்டாம் கேள்வி.