பழமையின் பெயரால் ஒரு புட்டி அழுக்கு

'அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா?' என்ற கேள்விக்கு நம்மிடையே உள்ள செல்வாக்கு பெரிது. கேட்டவர் வென்றதாகவும் கேட்கப்பட்டவர் தோற்றதாகவும் கொள்வது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் வாழும் இலக்கிய நண்பர்கள் சிலர் வீட்டிலேயே பியர் தயாரிக்கிறார்கள். 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்நாட்டில் அதற்கு வழிவிட்டது. அவர்களுள் ஒரு சாராரின் வாதம் இது: புட்டிகளுக்குக் கிருமிநீக்கம் என்பது மருந்து விற்பவர்கள் கிளப்பிவிட்ட பீதி; மனிதன் பல்லாயிரம் ஆண்டுகள் மருந்தின்றியே பியர் குடித்தான்; ஆகவே வெந்நீரில் அலசினால் போதும். இவ்வாதம் வரலாற்றையும் அறியவில்லை, புட்டியையும் அறியவில்லை என்பதே நம் கட்சி.

முன்னோர் தயாரித்த பியர் கெடவில்லை என்று யார் சொன்னது? பவேரியாவில் 1553இல் பிறந்த ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் தயாரிப்பதையே தடை செய்தது. கோடையில் தயாரித்த பியர் கெட்டுப்போனது அதற்கொரு முக்கியக் காரணம். கிருமியை அறியாதவர்கள் நாட்காட்டியை நம்பித் தப்பித்தார்கள். 1871இல் லூயி பாஸ்டர் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்று அங்கிருந்த ஈஸ்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வேண்டாத உயிர்கள் அதில் கலந்திருந்தன. தலைமுறைகளாகத் தொழில் செய்த அந்த ஆலையினர் பழமையைக் காட்டி வழக்காடவில்லை. விரைவிலேயே ஒரு நுண்ணோக்கியை வாங்கினார்கள். பாஸ்டர் 1876இல் பியரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

'பெல்ஜியத்தின் லாம்பிக் பியர் காற்றிலுள்ள ஈஸ்டாலேயே நொதிக்கிறதே, அந்தக் கூடங்களில் ஒட்டடைகூட அடிப்பதில்லையே' என்பார்கள். ஒட்டடை உண்மைதான். ஆனால் அங்கும் மரப்பீப்பாய்களை வெந்நீர் விட்டுத் துப்புரவாகக் கழுவிய பிறகே பியரை நிரப்புகிறார்கள். விரும்பி அழைத்த விருந்தாளியும் கதவிடுக்கில் நுழைந்தவனும் ஒன்றல்லர்.

இனிப் புட்டிக்கு வருவோம். கழுவுதல் வேறு, அலசுதல் வேறு, துலக்குதல் வேறு என்று பிரித்தறிந்த மொழி தமிழ். இன்று எல்லாவற்றையும் 'சுத்தம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டுப் பிறகு குழம்புகிறோம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் போக்குவது தூய்மை செய்தல். தெரியாத உயிர்களைத் தீங்கற்ற அளவுக்குக் குறைப்பது கிருமிநீக்கம். முன்னது இன்றிப் பின்னது பலிக்காது. புட்டியின் அடியில் காய்ந்த படிவு இருந்தால், மருந்து மேலே ஓடிவிடும். படிவுக்குள் இருக்கும் உயிர்கள் பிழைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பியரை ஊற்றியதும் புட்டியை அலசிக் கவிழ்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காய்ந்துபோன புட்டியைச் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நீண்ட தூரிகையால் துலக்கி, நன்றாக அலசி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கறை போகாத புட்டியை எறிந்துவிடுவதே மேல். நிரப்புவதற்குச் சற்று முன்பாக, பாஸ்பாரிக் அமிலம் அடங்கிய கிருமிநீக்கியை லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 மில்லி கலந்து, உட்புறம் முழுதும் ஓரிரு நிமிடம் நனைய விட வேண்டும். மூடிகளுக்கும் அதுவே. அதன்பின் கழுவ வேண்டியதில்லை. கழுவினால் குழாய்நீரில் உள்ளவற்றைத் திரும்ப அழைத்தவர்களாவோம். எஞ்சும் நுரையால் கேடில்லை. பிளீச்சிங் திரவத்தை நம்புவோர் ஒன்றறிக: அதன் எச்சம் பியரில் மருந்துவாடையை ஏற்றும், அதனோடு காடியோ அமிலமோ சேர்ந்தால் நச்சுவாயுவான குளோரின் எழும்.

எதிர்க்கட்சியின் ஒரு கூற்றில் உண்மை உண்டு. ஆல்கஹாலும் ஹாப்ஸும் அமிலத்தன்மையும் சேர்ந்திருப்பதால், நோய்க்கிருமிகள் பொதுவாகப் பியரில் வாழ்வதில்லை. கெட்ட பியரைக் குடித்து எவரும் சாகப்போவதில்லை என்று அவர்கள் சிரிக்கலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அரைகுறையாக அலசிய புட்டியில் தங்கிய காட்டு ஈஸ்ட், நாம் இட்ட ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரைகளையும் தின்னும். மூடிய புட்டிக்குள் கரியமில வாயு பெருகும். கண்ணாடிக்கும் தாங்கும் எல்லை உண்டு. அது வெடிக்கும்போது அருகில் இருப்பது தயாரித்தவரின் கண்ணாக இருக்கலாம். அடுக்களைக்குள் ஓடிவந்த குழந்தையின் கையாகவும் இருக்கலாம்.

வீட்டை அறுவைக்கூடமாக்கச் சொல்லவில்லை. ஓர் உயிர்கூட எஞ்சாத நிலையை நாம் கேட்கவுமில்லை. துலக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது, நனைப்பதற்குச் சில நிமிடங்கள், இவ்வளவே கேட்கிறோம். இதையும் செய்யச் சோம்புவோர் சோம்பலுக்குச் சோம்பல் என்றே பெயரிடட்டும். அதற்கு மரபு என்று பெயர் சூட்டி, கோடையில் அடுப்பை அணைத்துவைத்த முன்னோரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.