கலப்பையும் பெட்டியும்: மின்கிட்டாருக்கு எந்த உறை?

மின்கிட்டார் வாங்கும் மாணவரிடம் ‘மரப்பெட்டி இல்லாமல் அதை வெளியே எடுக்காதே’ என்று அறிவுறுத்துவோரில் பெரும்பாலோர் காரில் செல்பவர்கள். இதை வசையாகச் சொல்லவில்லை. அவர்களுடைய அறிவுரை எந்த இடத்தில் பிழைபடுகிறது என்று காட்டவே சொல்கிறேன்.

உதியன்குளங்கரையில் பேருந்தேறி, தம்பானூரில் மாறி, காரியவட்டம் வளாகம் சென்று சேர்பவனுக்குக் கிட்டார் மூன்றரைக் கிலோ. மரப்பெட்டி அதைவிடவும் கூடுதலாக இருக்கும். களியக்காவிளையிலிருந்து நிறைந்து வரும் வண்டியில் ஒரு மீட்டருக்கும் நீளமான அப்பெட்டியை எங்கே வைப்பது? மடியில் வைக்க முடியாது. நடைவழியில் வைத்தால் பிறர் கால் இடறும். ஆகவே முன்புறமோ பின்புறமோ, நம் கண்ணுக்கு எட்டாத மூலையில் கிடத்தச் சொல்வார்கள். கருவி நம்மைப் பிரிந்த பிறகு அதைக் காப்பது பெட்டி. பிரியாமலே காப்பது முதுகில் மாட்டும் பை. பேருந்துப் பயணிக்கு இரண்டாவதுதான் தேவை.

இதில் நம் முன்னோர் தெளிவாக இருந்தனர். மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர் தம் கருவிகளைப் பைகளில் கட்டி, காவுதண்டின் இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு தொங்கவிட்டுச் செல்கின்றனர். பலாமரத்தில் காய்த்துத் தொங்கும் குலைகள் அதற்கு உவமை. அப்பையின் பெயர் கலப்பை, அதாவது கலம் வைக்கும் பை. (இச்சொல்லைக் கண்டதும் வகுப்பில் ஏரைப் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு.) புறநானூறு 206ஆம் பாடலில் அதியமானின் வாயிற்காவலனிடம் சினந்து புறப்படும் ஔவையாரும் அதே சொல்லை ஆள்கிறார். சினம் வந்த கணமே கிளம்ப முடிந்ததற்குக் கலப்பையும் ஒரு காரணம் என்பேன். நடப்பவரின் உடலுக்கேற்ப உறையை அமைத்த மரபு அது.

அதற்காகக் கடையில் இலவசமாகத் தரும் மெல்லிய துணியுறையை நான் பரிந்துரைப்பதாக எண்ணவேண்டாம். அது தூசியைத் தடுக்கும், அவ்வளவே. என் முதல் கிட்டார் அத்தகைய உறைக்குள் இருந்தபடியே பேருந்து நிலையத்துச் சுவரிலிருந்து சரிந்து, மல்லாக்க விழுந்து, கழுத்து முறிந்தது. அது லெஸ் பால் வடிவத்தின் மலிவான நகல். 1952இல் கிப்சன் வெளியிட்ட அவ்வடிவத்தில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வு தொடங்கும் இடத்தில் மர இழை குறுக்கே வெட்டுப்படுகிறது. கழுத்தினுள் செல்லும் இரும்புக் கம்பிக்காக அங்கேயே மரத்தைக் குடைந்தும் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. விழும்போது உடல் நின்றுவிடுகிறது. முறுக்காணிகளின் கனத்தோடு தலை மேலும் பாய்கிறது. 1954இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது தலைப்பகுதியைச் சாய்க்கவில்லை, கழுத்தையும் திருகாணிகளால் பொருத்தியிருந்தனர். அதை வைத்திருப்பவர் சற்று நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகவே பையில் பார்க்கவேண்டியது பஞ்சின் தடிமன் மட்டுமன்று. தலைக்குச் சற்றுக் கீழே கழுத்தைத் தாங்கும் உறுதியான திண்டு வேண்டும். தலைப்பகுதி எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கவேண்டும். அடிப்புறத்தில் ரப்பர், இரண்டு தோள்வார்கள், பாதி விறைப்பான பக்கங்கள் ஆகியவை அடுத்தவை. பிராண்டின் பெயர் கடைசி.

இன்னொன்று ஈரம். வறண்ட குளிர்நாட்டார் உறைக்குள் ஈரப்பதமூட்டி வைக்கச் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நெய்யாற்றின்கரையில் அதை வைப்பது நம் கையாலேயே தந்தியைத் துருப்பிடிக்கச் செய்வதாகும். மரப்பெட்டியின் வெல்வெட் உள்துணி ஒருமுறை நனைந்து மூடப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். பையையோ கொடியில் உலர்த்தலாம்.

வேனில் ஏற்றி ஒலிபெருக்கிகளுக்கு நடுவே அடுக்கும் குழுவினரும், விமானத்தில் சரக்காக அனுப்புவோரும் பெட்டியே வாங்கட்டும். மற்றவர்கள் கடைக்குச் செல்லும்போது கிட்டாரையும் எடுத்துச் செல்லுங்கள். பைக்குள் வைத்து, ஜிப்பை மூடுமுன் தலைப்பகுதியின் அடியில் விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.