கடல் கடந்த ஞாயிற்றுக்கிழமை

சொந்த ஊரில் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அது தானாக வருகிறது. தானாகவே நிரம்பியும் விடுகிறது. காலையில் எண்ணெய் ஸ்நானம், பகலில் பந்துக்களின் வரவு, மாலையில் கோயில் அல்லது கடைத்தெரு, நடுவில் யார் வீட்டிலாவது ஒரு கல்யாணம் - இப்படிப் பொழுது போய்விடும். குடும்பத்தோடு அந்நிய தேசத்தில் குடியேறியவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாட்களைப் பற்றிக் கவலையில்லை. பெரியவர்களுக்குக் காரியாலயம் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. சனியும் ஞாயிறும் வந்தால்தான், "நமக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகையால், ஒரு குடும்பம் புது நாட்டில் வேர் விட்டிருக்கிறதா என்று அறிய விரும்புவோர், சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதைக் காட்டிலும், ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கிறார்கள் என்று விசாரிப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

நம்மிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர், மனைவியும் இரண்டு குழந்தைகளுமாகச் சிங்கப்பூரில் குடியேறி ஒரு வருஷமாகிறது. சென்ற கோடை விடுமுறையில் அவருடைய அழைப்பின்பேரில் அங்கே போய் மூன்று வாரம் தங்கியிருந்தோம். முதல் ஆறு மாதம் அவர்கள் செய்ததைத்தான் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பிரசித்தமான ஸ்தலம் என்று பட்டியல் போட்டார்கள். மிருகக்காட்சிசாலை ஒரு வாரம். செந்தோசாத் தீவு ஒரு வாரம். நுழைவுச் சீட்டு, வாடகை மோட்டார், சாப்பாடு என்று பணம் பறந்தது. கிழக்கிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளமே உள்ள தீவில் பட்டியல் எத்தனை நாளைக்கு வரும்? ஊரிலுள்ள உறவினர்களுக்குப் புகைப்படங்கள் ஏராளமாய்ப் போய்ச் சேர்ந்தன. ஆனால் குழந்தைகளுக்கு அந்த ஊரில் ஒரு மரத்தின் பெயரும் தெரியாது. ஒரு மனிதரின் பெயரும் தெரியாது.

பிறகு வீட்டு அம்மாள் ஒரு காரியம் செய்தாள். "இனிமேல் புது இடம் வேண்டாம், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவோம்" என்று தீர்மானித்தாள். அவள் தேர்ந்தெடுத்தது தாவரத் தோட்டம். 1859-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட அத்தோட்டத்தை 2015-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. ஆர்க்கிட் மலர்கள் உள்ள பகுதிக்கு மட்டும் கட்டணம் உண்டு. மற்றபடி அதிகாலையிலிருந்து நடுநிசி வரையில் யாரும் இலவசமாகப் போகலாம். பகல் ஏறினால் வெயில். பிற்பகலில் பல நாட்கள் இடியோடு மழை. ஆகவே விடியற்காலையில் கட்டுச்சாதத்துடன் புறப்பட்டு, பதினொரு மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

திரும்பத் திரும்பப் போனதில் ஒரு லாபம் உண்டாயிற்று. முதல் தடவை வெறும் பச்சையாகத் தெரிந்தது, நாலாவது தடவையில் தனித்தனி மரமாகத் தெரிந்தது. ரப்பர் மரத்தின் கதை அவர்களுக்கு அங்கேதான் தெரிய வந்தது. பிரேஸில் நாட்டு மரத்தின் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1877-ல் சிங்கப்பூர் வந்தன. 1888-ல் தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி என்பவர், மரத்துக்குச் சேதமில்லாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, ரப்பர் பயிரிடும்படி தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தினார். பிற்பாடு மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பால் வெட்டுவதற்கென்று நமது கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். "அப்படியானால் நமக்கு முன்பே நம்மவர்கள் இங்கே வந்துவிட்டார்களா?" என்று எட்டு வயதுப் பெண் குழந்தை கேட்டாளாம். பட்டியல் போட்டுப் பார்த்த இடம் எதுவும் அவளை இப்படி ஒரு கேள்வி கேட்க வைக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரங்களில் குடும்பம் நடந்தது. தென்பாலச் சாலையில் 1827-ல் ஏற்பட்ட மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். அதை எழுப்பியவர், ராபில்ஸ் துரையுடன் 1819-ல் அங்கு வந்த நாராயண பிள்ளை. பிறகு பாடாங் மைதானத்துக்குப் போனார்கள். 1943-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி நேதாஜி, இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது அங்கேதான். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரும் அந்த ராணுவத்தில் சேர்ந்தனர். அருகே எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1945-ல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். 1995-ல் சிங்கப்பூர் அரசாங்கம் அவ்விடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தது. பாடபுத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்த சரித்திரத்தைக் குழந்தைகள் அந்தப் புல்தரையில் நடந்து பார்த்தார்கள்.

நிற்க. நாம் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயம், ஒரு ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் கண்டது.

அன்று அந்தப் பேட்டையின் தெருக்களிலும் புல்தரைகளிலும் எள் போட இடமில்லை. கட்டடம் கட்டுகிறவர்களும், கப்பல் பட்டறையில் உழைக்கிறவர்களுமான தமிழ்நாட்டு இளைஞர்கள், வங்காள தேசத்து இளைஞர்கள். ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு வரிசை. மளிகைக் கடையில் ஒரு வரிசை. புல்தரையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் மனைவி முகத்தையும் குழந்தை முகத்தையும் பார்த்துப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். நமது மாணவரின் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இவர்களெல்லாம் ஏன் குழந்தைகளை அழைத்து வரவில்லை?" என்று கேட்டாள்.

பதில் சட்டத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிற அயல்நாட்டு உத்தியோகஸ்தர் மனைவி மக்களை அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாம். கூலி வேலைக்கு அனுமதி பெற்று வந்தவர் அவ்வாறு செய்ய முடியாது. இருவரும் ஒரே ஜில்லாவிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உல்லாசப் பிரயாணம். மற்றவருடைய ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடித் திரை.

வீட்டு வேலைக்கு வந்த பெண்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013-ல்தான் அமலுக்கு வந்தது. அப்போதும் ஓய்வுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிட இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளாவது பணத்தால் ஈடு செய்ய முடியாத ஓய்வாக இருக்க வேண்டும் என்ற விதி 2023-ல் வந்தது. சட்டம் கொடுத்த அந்த நாளையும், "இன்று நாங்கள் வெளியே போகிறோம்; குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீயும் கூட வா" என்று இனிமையாகப் பேசி எடுத்துக்கொள்ளும் எஜமானிகள் இல்லாமலில்லை. கூட அழைத்துப் போவது தயாள குணமென்று அவர்கள் நினைக்கலாம். பிறருடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்காவைச் சுற்றுவது ஓய்வாகுமா என்பதை அந்தப் பெண்ணைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது நமது மாணவர் குடும்பம் மாதத்தில் ஒரு ஞாயிறு சிராங்கூன் சாலைக்குப் போகிறது. முன்பெல்லாம், "கூட்டமாயிருக்கும்" என்று அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாமலிருந்தவர்கள்தான். பெரிய உபகாரம் எதுவும் செய்துவிடவில்லை. தேநீர்க் கடையில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுகிறார்கள். ஓர் இளைஞர் தம் மகனின் கணக்குப் பாடத்தைத் தொலைபேசியில் காட்டிச் சந்தேகம் கேட்டார். நமது தொழில் அதுவாகையால், நாமும் கால் மணி நேரம் வாத்தியாரானோம்.

வாசகர்களில் யாரேனும் குடும்பத்தோடு வெளிநாடு செல்வதாயிருந்தால், அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது மூன்று விஷயங்கள். பட்டியலைச் சுருக்கி, நடந்து போகக்கூடிய ஒரு தோட்டத்தையோ கடற்கரையையோ சிநேகம் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு முன்பே அங்கு வந்தவர்களின் அடிச்சுவடு எங்கே இருக்கிறதென்று குழந்தைகளோடு தேடுங்கள். வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்துவிட்டு, இரவு வரும்வரையில் அவளைக் கூப்பிடாதிருங்கள். அன்றைக்குச் சமையலும் பாத்திரமும் நம்முடைய வேலைதான்.