சர்க்கார் இணையதளமும் கண் தெரியாதவர்களும்

இன்றைய தினம் சர்க்காரிடம் ஒரு மனிதனுக்கு ஆக வேண்டிய காரியம் எதுவானாலும், அது பெரும்பாலும் இணையதளத்தின் மூலமாகவே ஆக வேண்டியதாயிருக்கின்றது. வருமானச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை, பட்டா, உதவித்தொகை மனு, உத்தியோகப் பரீட்சைக்கு விண்ணப்பம் ஆகிய எல்லாம் அதற்குள் போய்விட்டன. இனி தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை, தரகனுக்குக் காசு அழ வேண்டியதில்லை என்று சர்க்கார் பெருமை பேசுகின்றது. அதில் கொஞ்சம் வாஸ்தவமும் உண்டு. ஆனால் இந்தச் சௌகரியம் யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் அப்போது சங்கதி வெளிப்படும்.

2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறை உள்ளவர்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகளின் தொகை 11 லட்சத்து 79 ஆயிரம். இவர்களும் வரி கொடுக்கின்றார்கள், ஓட்டுப் போடுகின்றார்கள். ஆனால் இவர்களில் எத்தனையோ பேருக்கு, சர்க்கார் தன் இணையதளத்தில் திறந்து வைத்திருக்கும் கதவு வெறும் சுவராகவே இருக்கின்றது.

“கண் தெரியாதவன் கம்ப்யூட்டரை என்ன செய்வான்?” என்று சிலர் கேட்கலாம். தாராளமாக உபயோகிக்கின்றான். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் என்கின்ற சாதனம் இருக்கின்றது. மவுஸைத் தொடாமல் கீபோர்டு ஒன்றைக்கொண்டே அவன் பக்கம் முழுவதும் நடமாடுகின்றான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்பவர் தொடங்கி, ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்கின்ற ஸ்கிரீன் ரீடர் காசில்லாமலே கிடைக்கின்றது. அது தமிழும் வாசிக்கின்றது. அந்த இருவருமே கண் தெரியாதவர்கள். கண் தெரியாதவர் தம் பங்கு வேலையைச் செய்து முடித்து உட்கார்ந்திருக்க, கண் தெரிந்த உத்தியோகஸ்தர்தான் இன்னும் செய்யாமல் இருக்கின்றார்.

எப்படியென்றால், அந்தச் சாதனம் எழுத்தைத்தான் வாசிக்கும். படத்துக்கு விவரம் எழுதி வைக்காவிட்டால் அதைப்பற்றி ஒன்றும் சொல்லாது. நம் ஆபீசுகளிலோ ஒரு சர்க்குலரை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, பிறகு அதைப் போட்டோ பிடித்ததுபோல் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகின்றார்கள். கண் தெரியாதவருக்கு அது ஒரு வெற்றுக் காகிதம். மனுவில் பெயர் எழுதும் கட்டம் எது, ஊர் எழுதும் கட்டம் எது என்று உள்ளே குறித்து வைக்காவிட்டால், ஸ்கிரீன் ரீடர் “கட்டம், கட்டம்” என்று மட்டுமே சொல்லிக்கொண்டு போகும். எல்லாம் பூர்த்தி செய்து கடைசியில் வந்தால், கோணல் எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் கேப்ட்சா வந்து நிற்கும். “சிவப்புக் கட்டங்களைத் திருத்துக” என்று எழுதினால், நிறம் பிரித்தறிய முடியாதவர் என்ன செய்வார்? கை நடுங்குகின்றவர் பாதி எழுதுவதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது என்று பக்கம் மூடிக்கொண்டால் அவர் கதி என்ன? வாசகம் போடாத வீடியோவால் காது கேளாதவருக்கு என்ன பயன்?

தமிழுக்கு வந்தால் அநியாயம் இன்னும் ஒரு படி ஜாஸ்தி. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பையேயாகும். ஸ்கிரீன் ரீடர் அதை அர்த்தமில்லாத சத்தமாகத்தான் வாசிக்கும். தமிழ்நாட்டு சர்க்கார் 2010-லேயே யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டிருந்தும் பழைய எழுத்தில் ஏற்றிய காகிதங்கள் இன்னும் கிடக்கின்றன என்றால், உத்தரவு போட்டது யாருக்காக?

சட்டம் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கின்றது. இணையதளங்களை எல்லோரும் உபயோகிக்கும்படி அமைப்பது எப்படி என்று வோர்ல்டு வைடு வெப் கன்சார்ஷியம் 1999-லேயே விதிகள் வெளியிட்டது. இந்திய சர்க்காரும் தன் இணையதளங்களுக்கென்று 2009-ல் வழிகாட்டி வெளியிட்டு, பிறகு திருத்தியும் வந்திருக்கின்றது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமை என்றே சொல்லுகின்றது. ஆனால் 2017-ல் எழுதிய விதியோ வெறும் சிபாரிசு போல் இருந்ததால், 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த விதி சட்டத்துக்கு முரண் என்று தள்ளி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் செய்யும்படி உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில், கண் சிமிட்டிக் காட்டினால்தான் ஆள் அடையாளம் ஏற்போம் என்ற முறையால் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் படும் அவதியை விசாரித்து, டிஜிட்டல் வசதியை அடைவதும் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று அதே கோர்ட் தீர்ப்பளித்தது. காகிதத்தில் உள்ள சமத்துவத்துக்கு நம் நாட்டில் என்றைக்குமே பஞ்சமில்லை.

இனி, அதிகாரிகள் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். முதலாவது, செலவாகும் என்பது. 1999-ல், சிட்னி ஒலிம்பிக்ஸின் இணையதளத்தைத் தம்மால் உபயோகிக்க முடியவில்லை என்று கண் தெரியாத ஒருவர் ஆஸ்திரேலிய மனித உரிமைக் கமிஷனில் முறையிட்டார். சரி செய்ய 20 லட்சம் டாலருக்கு மேலாகும் என்று அமைப்பாளர்கள் புலம்பினார்கள். கமிஷன் அந்தப் புலம்பலை ஏற்காமல் 2000 ஆகஸ்டில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது; உத்தரவை முழுதும் நிறைவேற்றாததற்காக 20,000 டாலர் நஷ்ட ஈடும் விதித்தது. கட்டும்போதே படியோடு சாய்தளமும் வைத்தால் ஆகும் செலவு சொற்பம். கட்டி முடித்து இடித்து வைப்பதுதான் செலவு. அது அதிகாரியின் அசட்டைக்கான செலவே தவிர, மாற்றுத் திறனாளிக்கான செலவு ஆகாது.

இரண்டாவது, பக்கத்தின் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் பொத்தான் வைத்திருக்கின்றோமே என்பது. நெற்றியில் குறி இட்டுக்கொண்டவன் எல்லாம் யோக்கியன் ஆகிவிடுவானா? உள்ளே கட்டங்களுக்குப் பெயரில்லாமலிருக்க, வெளியே பொத்தான் வைப்பதும் அப்படித்தான்.

மூன்றாவது, யாராவது உதவி செய்யமாட்டார்களா என்பது. இதுதான் எல்லாவற்றிலும் மானக்கேடான பேச்சு. கண் தெரியாதவர் தம் பாங்கு நம்பரையும், பாஸ்வேர்டையும், போனில் வரும் ஓ.டி.பி.யையும் பக்கத்து வீட்டானிடம் ஒப்படைத்து, அவன் யோக்கியதையை நம்பி வாழவேண்டுமாம். இந்தப் பேச்சை எந்த அதிகாரியாவது தம் சம்பளக் கணக்குக்கு ஒப்புக்கொள்வாரா? ஒருவருக்கு உரியதைப் பிறர் தயவில் பெறும்படி செய்வது தர்மம் என்று பெயர் பெற்றாலும் அது இழிவேயாகும். ஊனத்தைப் பூர்வஜென்ம பாவம் என்று சொல்லிவந்த நாட்டில், பாவத்துக்கு இரக்கம் காட்டினால் போதும், உரிமை எதற்கு என்ற எண்ணம் ஆபீஸ் மேஜைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கின்றது. “மாற்றுத் திறனாளி” என்று பெயரை மாற்றியதோடு அந்தப் புத்தியையும் மாற்றியிருக்க வேண்டாமா?

மேலும் இது சிலருடைய காரியம் மட்டுமல்ல. இன்று பார்க்கின்ற கண் நாளை மங்கும். வெயிலில் நின்றுகொண்டு போனைப் பார்க்கும் விவசாயிக்கும் அழுத்தமான எழுத்து வேண்டும். எழுத்தே படிக்கத் தெரியாத தாய்க்கும் பக்கத்தை வாசித்துக் காட்டும் குரல் உதவும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். இணையதளம் கட்டித் தரும் கம்பெனிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், கண் தெரியாதவர்களையும் கை கால் இயக்கம் குறைந்தவர்களையும் கூலி கொடுத்து அழைத்துச் சோதிக்கச் செய்ய வேண்டும். அவர்களால் மனு போட முடியாவிட்டால் பணம் கொடுக்கக் கூடாது. உத்தரவுகளை எழுத்தாகவே, யூனிகோடு தமிழில் வெளியிட வேண்டும். குறை சொன்னால் பதில் சொல்லப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தோழர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் காரியத்துக்கான சர்க்கார் பக்கத்தைத் திறந்து, மவுஸை ஒதுக்கிவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டி மனுவின் கடைசிவரை போக முடிகின்றதா என்று பாருங்கள். உத்தரவுக் காகிதத்தில் ஒரு வார்த்தையைத் தேடினால் கிடைக்கின்றதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த இலாகாவுக்கு எழுதுங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதுங்கள். விசாரிக்க அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கின்றது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. முறையீடு வராதவரை அந்தச் சட்டம் அலமாரியில்தான் தூங்கும் என்பதை எல்லோரும் ஞாபகத்தில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.